விலாங்குக்கு நெருங்கிய உறவு யார்: லாம்ப்ரேயா, பைரியா?

விலாங்கு மீனைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியில் அடிபடுகிற அதே மீன்தான். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு உயிர்களை நிறுத்திப் பாருங்கள்.

ஒன்று லாம்ப்ரே. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் போன்ற குளிர்ந்த நாடுகளின் ஆறுகளிலும் கடல்களிலும் வாழ்வது. விலாங்கைப் போலவே நீளமாக, வழுவழுப்பாக இருக்கும். ஆனால் அதற்குத் தாடையே கிடையாது. முகத்தின் முனையில் வட்டமான ஓர் உறிஞ்சுவாய், அதற்குள் அடுக்கடுக்காகப் பற்கள். தலைக்குப் பின்னால் இரு பக்கமும் ஏழேழு செவுள் துளைகள், நாதசுவரத்தில் விரல் வைக்கும் துளைகளைப் போல வரிசையாக இருக்கும்.

இன்னொன்று பைரி. வல்லூறு வகையைச் சேர்ந்த வேட்டைப் பறவை. வானத்தில் மேலே போய், இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் புறாவின் மேல் பாயும். உலகில் இதைவிட வேகமாகப் பாயும் விலங்கு இல்லை. இதன் ஓர் இனப்பிரிவு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மலைப்பாறைகளில் கூடு கட்டுகிறது.

இப்போது கேள்வி. விலாங்குக்கு நெருங்கிய உறவு இந்த இரண்டில் எது?

லாம்ப்ரே என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் நீரில் வாழ்பவை, இரண்டும் பாம்பு வடிவம், இரண்டையும் மீன் என்றுதானே சொல்கிறோம்! ஆனால் சரியான பதில் பைரி. விலாங்கின் சொந்தக்காரர் வரிசையில் பைரியும் நீங்களும் நானும் ஒரே தூரத்தில் நிற்கிறோம். லாம்ப்ரே நமக்கெல்லாம் பின்னால், வெகு தொலைவில் நிற்கிறது.

இந்தப் பதில் ஏன் இவ்வளவு அதிர்ச்சியாக இருக்கிறது? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படம் ஒரு காரணம். மீன், தவளை, பல்லி, பறவை, குரங்கு, மனிதன் என்று அம்புக்குறி போட்டு ஏணி மாதிரி வரைந்திருப்பார்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை என்று உயிர்களை வரிசையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதால், அந்த ஏணி மனதில் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. பரிணாமம் பற்றிய பேச்சில் பெரும்பாலான குழப்பம் இந்த ஏணியிலிருந்துதான் தொடங்குகிறது. அதை இறக்கி வைத்துவிட்டால் மீதி எல்லாம் எளிதில் புரிந்துவிடும்.

பங்காளி தாத்தா ஆக மாட்டார்

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் பூர்வீக ஊரிலேயே தங்கினார். இளையவர் சென்னைக்குப் போனார். நீங்கள் இளையவரின் பேரன். மூத்தவரின் பேரன் இன்றைக்கும் அதே ஊரில், அதே ஓட்டு வீட்டில் இருக்கிறார்.

அவர் உங்கள் பங்காளி. பழைய வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அவர் உங்கள் கொள்ளுத்தாத்தா ஆகிவிட மாட்டார். அவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அவர் வீட்டிலும் மின்சாரம் வந்திருக்கும், மாடு போய் டிராக்டர் வந்திருக்கும். கொள்ளுத்தாத்தாவின் காலத்திலிருந்து உங்களுக்கு எத்தனை தலைமுறை ஆனதோ, அவருக்கும் அத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது.

லாம்ப்ரே பூர்வீக ஊரில் தங்கிய பங்காளி. பைரி வெளியூர் போன பங்காளி. இரண்டு வம்சங்களும் எந்த உயிரிடமிருந்து பிரிந்தனவோ அதற்குப் பொது மூதாதை என்று பெயர். கொள்ளுத்தாத்தாவின் இடம் அதனுடையது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது கடலில் வாழ்ந்து மறைந்துவிட்டது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங் என்னும் இடத்துப் பாறைகளில், சுமார் 51.8 கோடி ஆண்டு பழைமையான, தாடை இல்லாத சின்னஞ்சிறு மீன்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. 1999-ல் அவற்றைப் பற்றிய விவரம் வெளிவந்தது. பொது மூதாதை ஏறத்தாழ எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அவை உதவுகின்றன. அவையும் லாம்ப்ரே இல்லை, பைரியும் இல்லை.

‘மீனிலிருந்து பறவை வந்தது என்றால் இன்னும் ஏன் மீன் இருக்கிறது?’ என்ற கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. சென்னைக்குப் போன பேரன் இருக்கும்போது ஊரில் ஏன் இன்னொரு பேரன் இருக்கிறான் என்று கேட்பதைப் போன்றது அது. பிரிந்த இரண்டு கிளைகளும் தொடர்வதில் புதிர் ஏதும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். லாம்ப்ரே பைரியின் முன்னோர் இல்லை. இரண்டும் பங்காளிகள். இருவருக்கும் பொதுவான மூதாதை மறைந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து இரண்டு வம்சங்களும் ஒரே அளவு காலத்தைக் கடந்து வந்திருக்கின்றன.

சுவடியில் விழுந்த பிழை

சரி, யார் யாருக்குப் பங்காளி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தோற்றத்தை வைத்து இல்லை என்றால் வேறு எதை வைத்து?

இதற்குத் தமிழில் ஓர் அருமையான உவமை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அச்சு வருவதற்கு முன் நம் நூல்கள் ஓலைச்சுவடிகளில் இருந்தன. ஓலை நாளடைவில் செல்லரித்துவிடும். அதனால் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதுவார்கள். எழுதும்போது பிழை விழும். அடுத்து அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதிவிடுவார். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டபோது இப்படிப்பட்ட பாடபேதங்களோடுதான் மல்லுக்கட்டினார்.

ஒரு நூலுக்கு ஐந்து சுவடிகள் கையில் இருக்கின்றன என்று வையுங்கள். மூன்றில் ‘மலை’ என்று இருக்கிறது. இரண்டில் மட்டும் அதே இடத்தில் ‘மழை’ என்று இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்ற ஐயம் உடனே வரும். இப்படிப் பத்து இடங்களில் அதே இரண்டும் ஒன்றுபட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து சுவடிகளிலும் ஒரே மாதிரி இருக்கும் வரிகள் யாருடைய உறவையும் காட்டுவதில்லை. மூலத்தில் இருந்தது எல்லாருக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவழியில் நுழைந்து, சிலவற்றில் மட்டும் காணப்படும் புதிய மாற்றம்தான் உறவைக் காட்டுகிறது. ஓலையின் நிறமோ கட்டிய கயிறோ ஒத்துப்போவது கணக்கிலேயே வராது.

உயிர்களுக்கு டி.என்.ஏ. தான் சுவடி. ஒவ்வோர் உயிரின் செல்லிலும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும் நீண்ட குறிப்பு அது. தலைமுறைதோறும் பெயர்த்து எழுதப்படுகிறது. அவ்வப்போது எழுத்து மாறுகிறது. அந்த மாற்றங்களை ஒப்பிட்டுத்தான் இன்று வம்சாவளியை வரைகிறார்கள். எலும்புக்கும் உறுப்புக்கும்கூட இதே விதிதான்: பழையது பொதுவாக இருந்தால் பயனில்லை, புதியது பொதுவாக இருந்தால் உறவு.

தாடை என்னும் புதிய பாடம்

இப்போது விலாங்கிடம் திரும்புவோம். அதற்கும் லாம்ப்ரேவுக்கும் பொதுவாக இருப்பவை என்ன? நீரில் வாழ்வது, செவுள். இவை மூலச் சுவடியின் வரிகள். நீண்ட உடல் கயிற்றின் நிறத்தைப் போன்றது. பாம்புக்கும் மண்புழுவுக்கும்கூட அது உண்டு.

விலாங்குக்கும் பைரிக்கும் பொதுவாக இருப்பது எது? முதலாவது, தாடை. மேலும் கீழுமாக அசைந்து இரையைக் கவ்வும் எலும்புச் சட்டம். பைரியின் அலகுக்குள்ளும் அதே சட்டம்தான் இருக்கிறது. அடுத்து, எலும்பு. லாம்ப்ரேயின் உடலில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. நம் காது மடலைத் தொட்டால் வளைந்து கொடுக்கிறதே, அந்த வகைப் பொருள். மூன்றாவது, இணையாக அமைந்த பக்க உறுப்புகள். விலாங்கின் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் சிறு துடுப்பும் பைரியின் இறக்கையும் நம் கையும் ஒரே பழைய துடுப்பிலிருந்து வந்தவை. லாம்ப்ரேவுக்கு அப்படி இணைத் துடுப்பு எதுவும் இல்லை.

தாடை எங்கிருந்து வந்தது? கரு வளரும்போது தொண்டைப் பகுதியில் வரிசையாகச் சில வளைவுகள் தோன்றும். மீனில் பின் வளைவுகள் செவுளைத் தாங்கும் சட்டங்களாகும். முதல் வளைவின் செல்கள் தாடையாக உருவெடுக்கும். லாம்ப்ரேயின் கருவிலும் அதே முதல் வளைவு உண்டு. அங்கே அது நீரை உள்ளே தள்ளும் ஒரு தசை மடிப்பு போன்ற வேறு பாகங்களாகிறது. சரக்கு ஒன்றுதான், சமையல் வேறு.

இந்தத் தாடைக் கிளை உருவான பிறகுதான் சுறா, விலாங்கு, தவளை, பைரி, மனிதர் எல்லாம் வருகிறோம். லாம்ப்ரே அந்தத் திருப்பத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது. தாடையற்ற மீன்கள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை லாம்ப்ரேயும், உடலெங்கும் கோழையைச் சுரக்கும் ஹேக்மீனும் மட்டும்தான்.

ஆக, ‘மீன்’ என்பது சந்தையிலும் சமையலறையிலும் பயன்படும் சொல். அதை உறவுச் சொல்லாக எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும்.

‘பழைய’ என்ற சொல்லை எங்கே ஒட்டுவது?

லாம்ப்ரேயை ‘ஆதிகால மீன்’, ‘வாழும் புதைபடிவம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதில் உண்மை துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தாடை இல்லாமை பழைய நிலைதான். ஆனால் பழைமை ஒரு பண்பைப் பற்றிச் சொல்லக்கூடியது. முழு உயிரின் மேல் அந்த முத்திரையைக் குத்தும்போதுதான் தவறு நடக்கிறது. ஊர்ப் பங்காளியின் வீட்டு ஓடு பழையதாக இருக்கலாம். அதற்காக அவர் பழைய மனிதர் ஆகிவிடுவாரா?

பைரியிடமே பழைய பண்புகள் இருக்கின்றன. அதன் தாடை மூட்டு இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தாடையுள்ள எலும்பு மீன்களில் இருக்கும் அதே இரண்டு எலும்புகள். பாலூட்டிகளில்தான் அவை இடம் மாறி நடுக்காதுக்குள் போய்விட்டன. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அவைதான். அந்த ஒரு மூட்டைப் பொறுத்தவரை பைரி மீனோடு நிற்கிறது, நாம் விலகி வந்திருக்கிறோம்.

லாம்ப்ரேயிடம் இருக்கும் புதுமைகளோ வியக்க வைப்பவை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் யாரும் இதைச் சொல்வதே இல்லை.

முதலில் அதன் குஞ்சுப் பருவம். லாம்ப்ரே குஞ்சுக்குக் கண் வளர்ந்திருக்காது, உறிஞ்சுவாயும் இருக்காது. ஆற்றுச் சேற்றில் புதைந்து, நீரில் மிதந்து வரும் துணுக்குகளை வடிகட்டித் தின்று பல ஆண்டுகள் வாழும். நம் எல்லாருடைய ஆதி மூதாதையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தினார்கள். தென்னாப்பிரிக்காவில் சுமார் 36 கோடி ஆண்டு பழைமையான பிரிஸ்கோமைசான் என்னும் லாம்ப்ரேயின் புதைபடிவம் கிடைத்து 2006-ல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் குஞ்சுகளின் படிவங்களும் கிடைத்தன. 2021-ல் வெளிவந்த ஆய்வு, அந்தக் குஞ்சுகளுக்கு அப்போதே கண்ணும் உறிஞ்சுவாயும் இருந்ததைக் காட்டியது. சேற்றில் புதையும் குருட்டுக் குஞ்சு பிற்காலத்தில் லாம்ப்ரே வம்சம் சேர்த்துக்கொண்ட புதுப் பழக்கம். பூர்வீக வீட்டின் பழைய அறை என்று நாம் பயபக்தியோடு பார்த்தது, பின்னால் கட்டிய அறையாகப் போய்விட்டது.

இரண்டாவது, நோய் எதிர்ப்பு. பைரியும் நாமும் கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள ஆன்டிபாடி என்னும் புரதத்தைச் செய்கிறோம். லட்சக்கணக்கான வடிவங்களில் அதைச் செய்ய முடியும். லாம்ப்ரேவுக்கு ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கிறது. எப்படி என்று வெகுகாலம் தெரியவில்லை. 2004-ல் விடை கிடைத்தது: வேறொரு புரத வகையை எடுத்து, அதன் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து, தனக்கென்று தனி ஆயுதங்களைச் செய்துகொள்கிறது. ஒரே தெருவில் இரண்டு சாவிக்கடைகள். எந்தப் பூட்டுக்கும் இருவரும் சாவி செய்கிறார்கள், இரும்பு மட்டும் வேறு.

மூன்றாவது இன்னும் விசித்திரம். கடல் லாம்ப்ரேயின் கரு வளரத் தொடங்கியதும், உடல் செல்கள் தம் டி.என்.ஏ.வில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிடுகின்றன. முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகிற செல்களில் மட்டும் முழுச் சுவடியும் பத்திரமாக இருக்கும். இப்படிச் செய்யும் முதுகெலும்பிகள் மிகக் குறைவு. இதைப் போய் வளராத உயிர் என்று எப்படிச் சொல்வது?

சுருக்கமாக: ஒவ்வோர் உயிரும் பழைய பண்புகளும் புதிய பண்புகளும் கலந்த கலவை. பைரியிலும் பழையது உண்டு, லாம்ப்ரேயிலும் புதியது உண்டு.

ஏரிகளில் நடந்தது

‘பழைய உயிர் என்றால் பலவீனமான உயிர்’ என்பது இன்னொரு நம்பிக்கை. வட அமெரிக்காவின் பேரேரிகளில் மீன் பிடித்தவர்கள் அதற்குப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

கடல் லாம்ப்ரே மற்ற மீன்களின் மேல் உறிஞ்சுவாயால் ஒட்டிக்கொண்டு, நாக்கால் தோலைச் சுரண்டி, இரத்தம் உறையாமலிருக்க ஒரு சுரப்பை விட்டு, உடல் நீரைக் குடிக்கும். வாய் ஒட்டியிருக்கும்போது மூச்சு எப்படி? மற்ற மீன்கள் வாய் வழியாக நீரை எடுத்துச் செவுள் வழியாக விடும். லாம்ப்ரே அந்தப் பதினான்கு துளைகள் வழியாகவே நீரை உள்ளே இழுத்து வெளியே விடும்.

நயாகரா அருவி அதை மேல் ஏரிகளுக்குள் விடாமல் தடுத்து வைத்திருந்தது. கப்பல் போவதற்காக அருவியைச் சுற்றி வெட்டப்பட்ட வெலண்ட் கால்வாய் 1829-ல் திறக்கப்பட்டது. பிறகு அது மேலும் மாற்றியமைக்கப்பட்டது. 1921-ல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது. 1938-க்குள் ஹியூரான், மிச்சிகன், சுப்பீரியர் மூன்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிக மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, தாடையும் எலும்பும் கொண்ட, ‘மேல்படி’ மீனான ஏரி டிரவுட் கூட்டம் கூட்டமாக அழிந்தது. 1958 முதல், ஓடைச் சேற்றில் இருக்கும் குஞ்சுகளைக் கொல்லும் ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தித்தான் நிலைமையை அடக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் அந்த வேலை நிற்கவில்லை.

லாம்ப்ரேயை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. பல லாம்ப்ரே இனங்கள் வளர்ந்த பிறகு எதையுமே தின்பதில்லை, முட்டையிட்டு இறந்துவிடும். அவற்றில் சில அணைகளாலும் மாசினாலும் அருகி வருகின்றன.

தோற்றம் ஏமாற்றும் வேறு இடங்கள்

பைரிக்கு மேல் அலகில் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் பல் போன்ற ஒரு கூர்முனை இருக்கும். இரையின் கழுத்தை முறிக்க உதவுவது. லாம்ப்ரேயின் வாயிலும் பற்கள். இரண்டுமே நம் பற்களைப் போன்றவை அல்ல. இரண்டையும் மூடியிருப்பது கெரட்டின், அதாவது நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெட்டியான புரதம். அப்படியானால் இந்தப் பல் பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்தா? இல்லை. பறவைகளின் முன்னோரான டைனோசர்களுக்கு உண்மையான பற்கள் இருந்தன. அவற்றின் இடத்தில் பின்னால் வந்ததுதான் அலகு. ஒரே தேவைக்கு இரண்டு வம்சங்கள் தனித்தனியே ஒரே மாதிரி விடை காண்பதைக் குவி பரிணாமம் என்பார்கள்.

இந்தக் குவி பரிணாமம் பறவை நூல்களையே திருத்தி எழுத வைத்தது. வளைந்த அலகு, கூரிய நகம், வேட்டை என்று பார்த்துப் பைரியையும் கழுகையும் ஒரே பிரிவில் வைத்திருந்தார்கள். 2008-ல் வெளிவந்த விரிவான டி.என்.ஏ. ஒப்பீட்டில் வேறு கதை தெரிந்தது. பைரிக்கு நெருங்கிய சொந்தம் கழுகோ பருந்தோ இல்லை. கிளியும் பாடும் சிறு பறவைகளும்தான்.

கண்

இத்தனை வேறுபாடு சொன்ன பிறகு, இந்த இரண்டு பங்காளிகளும் இன்னும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பூர்வீகச் சொத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பைரியின் கண் புகழ் பெற்றது. நமக்கு விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் குழி கண்ணுக்கு ஒன்றுதான். அதற்கு இரண்டு. நிறம் பார்க்கும் திறனிலும் பகலில் திரியும் பறவைகள் நம்மைத் தாண்டிவிடும். நமக்கு நிறம் உணரும் செல்கள் மூன்று வகை, அவற்றுக்கு நான்கு வகை. மங்கிய ஒளிக்கான வகையையும் சேர்த்தால் ஒளியை உணரும் நிறமிகள் ஐந்து.

2003-ல், தென் அரைக்கோளக் கடல்களில் வாழும் ஒரு லாம்ப்ரேயின் கண்ணை ஆராய்ந்தபோது அதிலும் ஐந்து நிறமிகளுக்கான மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. தாடை வருவதற்கு முன்பே, எலும்பு வருவதற்கு முன்பே, அந்தப் பொது மூதாதையிடமே நிறம் பார்க்கும் ஏற்பாடு விரிவாக இருந்திருக்கிறது. பறவை வம்சம் அந்தச் சொத்தைக் காப்பாற்றி வைத்தது. தெற்கத்தி லாம்ப்ரேயும் காப்பாற்றி வைத்தது. பாலூட்டிகளின் முன்னோர் டைனோசர்களுக்குப் பயந்து இரவில் நடமாடிய காலத்தில் அதில் பாதியைத் தொலைத்துவிட்டார்கள். மாடும் நாயும் இன்றும் இரண்டு வகைச் செல்களோடுதான் நிறம் பார்க்கின்றன. நம்முடைய மூன்றாவது வகை, மிச்சமிருந்த ஒரு மரபணு குரங்கு வம்சத்தில் இரண்டு படிகளாகப் பெயர்க்கப்பட்டு, ஒரு படியில் சில எழுத்துகள் மாறியதால் கிடைத்தது.